எங்கே என்று கேட்காத ஊர்கள்

சென்னையில் துடைப்பம், கொங்கு நாட்டில் சீமாறு, மதுரையில் விளக்கமாறு, திருநெல்வேலியில் வாரியல். வட்டார வழக்கைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மில் பலரும் இப்படி ஒரு பட்டியலில்தான் தொடங்குகிறோம். லுங்கி, கைலி, சாரம் என்று அடுத்த வரிசை வரும். கேட்பவர்கள் ரசிப்பார்கள். கடைசியில் யாராவது ஒருவர், இதெல்லாம் இன்னும் எத்தனை நாளைக்கு என்று பெருமூச்சு விடுவார். சென்னையில் தொடங்கி, கொங்கு நாட்டைச் சுற்றி, மதுரை, கோவில்பட்டி, திருநெல்வேலி வழியாகக் களியக்காவிளை வரை இறங்கிய இந்தப் பயணத்தில் அந்தப் பெருமூச்சுக்குக் காரணம் உண்டு என்பது தெரிந்தது. கடைவாசலில் தொங்கும் பிளாஸ்டிக் சாமான்களுக்கு ஊருக்கு ஒரு பெயர் வைக்க இப்போது யாரும் மெனக்கெடுவதில்லை. ஆனாலும் பொருள்களின் பெயர் மங்கிய ஊர்களில்கூட ஊர்ப்பேச்சு மங்கவில்லை. ஒருவர் அடுத்த வீட்டுக்காரரை எப்படிக் கூப்பிடுகிறார், எப்படி விசாரிக்கிறார், கேட்டதைக் கொடுக்க முடியாதபோது எப்படிச் சொல்கிறார் என்பதைச் சிறிது நேரம் கேட்டாலே அவருடைய ஊர் தெரிந்துவிடுகிறது. வட்டார வழக்கின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். அந்தந்த ஊரின் தெருவும் வாசலும் எந்த வடிவில் இருந்தனவோ, அந்த வடிவில்தான் இந்தப் பழக்கங்கள் உருவாகியிருக்கின்றன. ஆகவே, சொல் வழக்கொழிவதைக் காட்டிலும், அண்டை வீட்டார் நின்று பேசும் இடம் ஒழிவதற்குத்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

வடசென்னையின் சந்துகளில் வீடு என்பது பெரும்பாலும் ஓர் அறை. மற்ற எல்லாம் வாசலில் நடக்கும். மீன் கழுவுவது, தலை பின்னிவிடுவது, குழந்தையைக் குளிப்பாட்டுவது, குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அடுத்தவளிடம் சொல்லிவிட்டுப் போவது எல்லாம் தெருவுக்குச் சொந்தம். இந்தப் பேச்சைத்தான் கலப்படம் என்று ஒதுக்குகிறார்கள். கலப்பு உண்மைதான். நைனா தெலுங்கு, பேஜாரும் கலீஜும் உருது வழியாக வந்தவை, கஸ்மாலம் வடமொழி. 1953இல் ஆந்திரம் பிரியும் வரை பெரிய மாகாணத்துக்குத் தலைநகராகவும், அதற்கும் முன்பிருந்தே துறைமுகமாகவும் இருந்த ஊரில் கலக்காமல் இருந்தால்தான் வியப்பு. ஆனால், சென்னைத் தமிழின் முத்திரை என்று நாம் நினைக்கும் 'சொல்லிக்கினு', 'வந்துகினு' என்ற முடிவு சேரியில் பிறந்தது அல்ல. வேலூர், திருவண்ணாமலை, காஞ்சிபுரம் பக்கத்து உழவர்களின் பேச்சு அது. 'கொண்டு' என்பது வடக்கே கினு என்றும் தெற்கே கிட்டு என்றும் தேய்ந்திருக்கிறது. ஆக, நகரத்து ஏழை பேசும் தமிழ், தொண்டை மண்டலத்துக் கிராமம் நகரத்துக்குக் கொண்டுவந்த தமிழ். வெளியூர்க்காரர்களை உறுத்தும் இன்னொன்று, பெரியவர்களையும் நீ, வா, போ என்று சொல்வது. மரியாதை அங்கே வேறு இடத்தில் இருக்கிறது. 'சொல்லுபா', 'வாமா', 'இன்னாக்கா' என்று வாக்கியத்தின் வாலில் ஒட்டும் பா, மா, அக்காவைக் கழற்றிப் பாருங்கள், சண்டை தொடங்கிவிடும். ஒரே குழாயை ஒரு சந்து முழுக்கப் பங்கிட்டுக்கொள்ளும் இடத்தில் ஆளுக்கொரு மரியாதை அளந்து கொடுக்க முடியாது. எல்லோருக்கும் பொதுவாக ஓர் உறவுமுறையை ஒட்டவைத்துவிட்டு வேலையைப் பார்ப்பதுதான் சாத்தியம்.

குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கியது. பின்னாளில் அது கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புகளாகக் கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் வந்தன. கழிப்பறையும் உறுதியான கூரையும் கிடைப்பதை விடப் பேச்சுவழக்கு பெரிதா என்று யாரும் கேட்கலாம். பெரிதல்ல. குடிசையின் வெள்ளத்தையும் தீயையும் மொழிக்காக யாரும் தாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அடுக்குமாடியின் இருண்ட நடைவழியில் எதிரெதிர்க் கதவு வைத்தவர்கள், பழைய சந்தில் நின்ற நேரம் நிற்பதில்லை. நிற்க அகலமும் இல்லை, உட்காரப் படியும் இல்லை. வீடு கட்டிக் கொடுத்தவர்கள் குடும்பத்தைக் கணக்கில் எடுத்தார்கள், வாசலை எடுக்கவில்லை. ஒரு சந்துக்காரர்கள் வெவ்வேறு தொகுதிகளில் சிதறிப்போனதும், பல சந்துகளிலிருந்து வந்தவர்கள் ஒரே தளத்தில் சேர்ந்ததும், யாரை அக்கா என்பது, யாரிடம் குழந்தையை விட்டுவிட்டுப் போவது என்பதைப் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. சொற்கள் எல்லாம் அப்படியே உடன் வந்தன. சொல்லிக்கொள்ளும் ஆட்கள்தான் மாறிப்போனார்கள்.

கொங்கு நாட்டுக்குள் நுழைந்தால் நிலத்தின் அமைப்பே வேறு. இது ஆற்றுப் பாசனத்தைவிடக் கிணற்றை நம்பிய நாடு. கிணறு இருக்கும் இடத்தில் தோட்டம், தோட்டத்திலேயே வீடு. அதைச் சாளை என்கிறார்கள். காங்கேயம் பக்கம் கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடுகள் கண்ணுக்கு எட்டிய வரை கட்டம் கட்டமாகக் கிடக்கின்றன. இரண்டு வேலிகளுக்கு நடுவே வண்டி போகும் தடம் இட்டேரி. அடுத்த வீடு என்பது கூப்பிடு தூரத்துக்கு அப்பால் இருக்கலாம். இப்படிப்பட்ட இடத்தில் தேடி வருகிற ஆள் நாய்க்கும் வேலிப்படலுக்கும் வெளியே நின்று குரல் கொடுத்தாக வேண்டும். 'ஏனுங்க, வூட்டுல யாருங்க' என்ற குரலும், 'வாங்க வாங்க' என்ற பதிலும் அந்தத் தூரத்தைக் கடக்கும் வேலையைச் செய்கின்றன. விருந்தாளிக்கு ஒறம்பரை என்று பெயர். ஒறம்பரை வந்துவிட்டால் தோட்டத்து வேலை பாதியில் நிற்கும். கொங்குப் பேச்சின் 'ங்க', 'இல்லை', 'சரி', 'ஆமாம்' என்ற சின்னச் சொற்களைக்கூட விடுவதில்லை. இல்லீங்க, சரீங்க, ஆமாங்க. விரைந்து பேசும்போது அது தேய்ந்து மூக்கொலி மட்டும் மிஞ்சும். அந்த மிச்சத்தையும் சொல்லாமல் விட்டால் பேச்சு முடிந்ததாகவே கேட்பவருக்குத் தோன்றாது. வரப்புத் தகராறில் இரண்டு பேர் தொண்டை கிழியக் கத்தும்போதும், 'அதெப்படீங்க நீங்க சொல்லலாம்' என்று 'ங்க' தன் இடத்தில் உட்கார்ந்திருக்கும். சின்னக் குழந்தையைக் கண்ணு என்றும் சாமி என்றும் அழைப்பார்கள், பெண்பிள்ளையை அம்மிணி என்பார்கள். கோயம்புத்தூர்ப் பேருந்துகளில் நடத்துநர் 'ஏறுங்ணா' என்று சொல்வதில் அண்ணாவும் ங்கவும் ஒன்றாகக் கரைந்திருக்கின்றன. திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்த தேனிக்காரரும் திருநெல்வேலிக்காரரும் தங்கள் சொற்களைச் சுலபத்தில் விடுவதில்லை. ஆனால் இந்த 'ங்க' மட்டும் அவர்களைத் தொற்றிக்கொள்கிறது. அது இல்லாமல் அங்கே கடையில் ஒரு சாமான் கேட்பதுகூட முரட்டுத்தனமாகப் பட்டுவிடும்.

இந்த இடத்தில் ஒரு கடுமையான மறுப்பு எழும், எழத்தான் வேண்டும். இந்த 'ங்க' எல்லோருக்கும் கிடைத்ததா? கிடைக்கவில்லை. பண்ணையாளாக நின்ற அருந்ததியர் முதியவரை நில உடைமைக்காரர் வீட்டுச் சிறுவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அந்த முதியவர் சிறுவனைச் சாமி என்றார். குழந்தையைக் கொஞ்சும் அதே சொல் அங்கே கைகட்டி நிற்கும் சொல்லாக இருந்தது. தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளையும் இதே நாட்டு வழக்கம்தான். ஆகவே வட்டார வழக்கு என்று நாம் கொண்டாடுவது உண்மையில் சாதி வழக்கு என்று ஒருவர் சொன்னால், அதில் பாதி சரி. மறு பாதி எனக்கு இப்படித் தெரிகிறது: மரியாதையை மறுத்தவர்கள் புதிதாக ஒரு மொழியைக் கொண்டுவரவில்லை. அந்த வட்டாரத்தில் எது மரியாதை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததோ, அதை எடுத்து ஒளித்துவைத்தார்கள். அதனால்தான் போராட்டமும் அதே இடத்தில் நடந்தது. பள்ளிக்கூடத்திலும் ஆலையிலும் பேருந்திலும் 'வாங்க' என்று கூப்பிடப்பட்ட தலைமுறை, ஊருக்குள் 'வாடா' என்பதை ஏற்க மறுக்கிறது. வட்டாரப் பேச்சின் உயிர் விளிக்கும் முறையில் இருக்கிறது என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை. சீமாறு என்ற சொல்லுக்காக யாரும் அடிபட்டதில்லை.

கொங்கு நாட்டுச் சொற்களைத் தொகுத்துப் பெருமாள்முருகன் ஒரு சொல்லகராதி வெளியிட்டார். அப்பாரு, அப்பச்சி, அம்முச்சி என்று தந்தைவழித் தாத்தாவையும் தாய்வழித் தாத்தாவையும் பாட்டியையும் பிரித்துச் சொல்லும் உறவுப் பெயர்கள் அங்கே இன்றும் புழங்குவதைக் காணும்போது, உறவுக்குள் இருக்கும் சொல் உழவுக்குள் இருந்த சொல்லைவிடக் கெட்டி என்பது விளங்குகிறது. மாடு கட்டிக் கிணற்று நீர் இறைத்த கவலை ஏற்றம் போனதும் அதன் உறுப்புகளின் பெயர்களும் போயின. அம்முச்சி போகவில்லை.

மதுரையில் தெருக்களுக்கு மாதங்களின் பெயர்: ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி. கோயிலைச் சுற்றிச் சதுரத்துக்குள் சதுரமாக அடுக்கப்பட்ட ஊர். ஒவ்வொரு மாதமும் ஏதோ ஒரு சுவாமி புறப்பாடு வீட்டு வாசல் வழியாகப் போகும், ஆகவே தெரு என்பது எப்போதும் கூட்டம் சேருவதற்கான இடம். கொங்கு நாட்டில் முன்பின் தெரியாதவரை மரியாதையால் வரவேற்கிறார்கள் என்றால், மதுரையில் உறவால் பிடித்துவிடுகிறார்கள். மாப்ள, பங்காளி, சித்தப்பு, மாமா, அண்ணே. கேட்பதற்கு வேடிக்கையாக இருந்தாலும் இதற்குள் கண்டிப்பான கணக்கு இருக்கிறது. நம் உறவுமுறையில் ஓர் ஆண் ஒன்று பங்காளியாக இருப்பான், அல்லது மாமன் மச்சானாக இருப்பான். மூன்றாவது வகை கிடையாது. பங்காளியிடம் பேசும் கேலி வேறு, மாப்பிள்ளையிடம் பேசும் கேலி வேறு. தேநீர்க் கடையில் எதிரே வந்து நிற்பவரை மாப்ள என்று கூப்பிட்ட கணத்தில், அவரை எவ்வளவு கிண்டல் செய்யலாம், எந்த எல்லையில் நிறுத்த வேண்டும் என்பது இருவருக்கும் விளங்கிவிடுகிறது. சாமிக்கே இந்தக் கணக்கில் விலக்கு இல்லை. மீனாட்சியின் அண்ணன் அழகர், தங்கை கல்யாணத்துக்குப் புறப்பட்டு வந்து, வருவதற்குள் தாலி கட்டி முடிந்துவிட்டது என்று கோபித்துக்கொண்டு வைகையோடு திரும்பிவிடுகிறார். இது புராண ஏட்டில் இல்லாத மக்கள் கதை. தெருவில் நடக்கும் ஒரு கல்யாணத்தில் சீர் கொண்டுவந்த அண்ணனுக்கு எந்தக் கோபம் நியாயமோ, அதைச் சித்திரை மாதம் ஊரே கூடி ஒரு தெய்வத்துக்குக் கொடுத்திருக்கிறது.

மதுரையில் நிற்கும்போது திரைப்படத்தைப் பற்றிய மறுப்பையும் எதிர்கொண்டாக வேண்டும். தொலைக்காட்சியும் சினிமாவும் எல்லாப் பேச்சையும் ஒன்றாக்கிவிட்டன என்கிறார்கள். 'பருத்திவீரன்', 'சுப்ரமணியபுரம்' போன்ற படங்கள் வந்தபின் 'வந்தாய்ங்க, போனாய்ங்க' என்பது சென்னைக் கல்லூரிகளிலும் கேட்கிறது என்பது மெய். 'சதி லீலாவதி'யில் கோவை சரளா பேசிய கொங்குத் தமிழை நாடே பேசிப் பார்த்தது. ஆனால் பேசிப் பார்ப்பது வேறு, அதற்குள் வாழ்வது வேறு. 'வந்தாய்ங்க' என்று சொல்லிப் பழகிய சென்னைப் பையனுக்கு, மதுரையில் மரியாதைக்குரியவர் வந்தால் 'வந்தாக' என்றும், தெருப் பையன்கள் வந்தால் மட்டுமே 'வந்தாய்ங்க' என்றும் சொல்ல வேண்டும் என்பது தெரியாது. சினிமா ஓசையை எடுத்துக்கொண்டு போனது. யாருக்கு எது என்ற அளவு ஊரிலேயே தங்கிவிட்டது. அதை அங்கே வளர்ந்தால்தான் கற்க முடியும். சினிமா செய்த கெடுதல் வேறொன்று: ஓர் ஊர்ப்பேச்சை ரௌடிக்கும் இன்னொன்றைக் கோமாளிக்கும் ஒதுக்கிவிட்டது. அதற்கு எதிராக எழுத்தாளர்கள்தான் நின்றார்கள்.

அவர்களில் முதலில் வருபவர் கோவில்பட்டிக்கு அருகே இடைசெவலின் கி. ராஜநாராயணன். வீட்டில் தெலுங்கு பேசிய குடும்பத்தவர் கரிசலின் தமிழை இலக்கியத்துக்குள் அழைத்துவந்தார்; 1982இல் வட்டார வழக்குச் சொல்லகராதியும் தந்தார். கரிசல் மண் மழை பெய்தால் காலை விடாது, காய்ந்தால் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். வானம் பார்த்த பூமியில் நாளையைப் பற்றி உறுதியாகப் பேசுவது ஆபத்து. புறப்பட்டுப் போகிறவரைப் பார்த்து எங்கே என்று அங்கே கேட்பதில்லை. கேட்டால் போகிற காரியம் விளங்காது என்பது நம்பிக்கை. அதற்காகக் கேட்காமலும் இருக்க முடியாது. ஆகவே, 'என்ன, தூரமா?' என்பார்கள். போகிறவரும் ஊர்ப் பெயரைச் சொல்லாமல், 'இந்தா, பக்கத்துலதான்' என்று நகர்வார். கேட்டவருக்கு அக்கறை காட்டிய நிறைவு, போகிறவருக்கு ரகசியம் காத்த நிறைவு. வேம்படியிலோ மடத்திலோ உட்கார்ந்திருப்பவர்களைக் கடந்துதான் ஊரைவிட்டு வெளியே போக முடியும் என்ற அமைப்பில், இப்படி ஒரு கேள்வி இல்லாமல் ஒரு கிராமம் நிம்மதியாக இருக்க முடியாது.

அடுக்களைப் பக்கமும் இதே நுணுக்கம்தான். அரிசி தீர்ந்துவிட்டால் இல்லை என்று சொல்லக்கூடாது, 'நெறஞ்சிருக்கு' என்றுதான் சொல்ல வேண்டும். விளக்கு வைத்த பிறகு உப்பும் ஊசியும் அடுத்த வீட்டுக்குக் கொடுப்பதில்லை. மூடநம்பிக்கை என்று இதைத் தள்ளுபவர்கள் அதன் பயனைக் கவனிக்க வேண்டும். தினமும் ஏதாவது கேட்டு வரும் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுக்க மனமில்லை என்று சொல்வது கடினம்; 'வெளக்கு வச்சாச்சே மயினி' என்று சொல்வது எளிது. யாருக்கும் மனக்கசப்பில்லை, பழி பொழுதின் மேல் போய்விட்டது. நன்னூல் தகுதி வழக்கு என்று வகுத்து, அதற்குள் மங்கலத்தையும் இடக்கரடக்கலையும் குழூஉக்குறியையும் வைத்தது. சுடுகாட்டை நன்காடு என்பதை உரைகள் எடுத்துக்காட்டும். இலக்கணம் எழுதியவர்கள் தெருப் பேச்சின் இந்தப் பக்கத்தை எவ்வளவு கூர்மையாகக் கேட்டிருக்கிறார்கள்!

திருநெல்வேலியின் பழைய வீடுகள் நீளமானவை. தெருவை ஒட்டித் திண்ணை, அடுத்து தார்சா, அதற்குள் பட்டாசல், பிறகு அடுக்களை, கடைசியில் புறவாசல். ஒருவர் இந்த வரிசையில் எது வரை வரலாம் என்பதே அவர் அந்த வீட்டுக்கு யார் என்பதைச் சொல்லிவிடும். மூன்றாம் மனிதர் திண்ணையோடு சரி. தெரிந்தவர் தார்சாவில் உட்காருவார். மிக நெருங்கிய பெண்கள் முன்வாசலுக்கு வருவதே இல்லை. புறவாசல் வழியாகக் கிண்ணத்தோடு உறை மோருக்கு வந்து நிற்பார்கள். வளவு என்று இன்னோர் அமைப்பும் உண்டு. ஒரு பொது வாசலுக்குள் வரிசையாகப் பல சிறு வீடுகள். இதே வளவு செட்டிநாட்டில் வீட்டின் உள்முற்றத்தைக் குறிக்கும், யாழ்ப்பாணத்தில் வேலி அடைத்த வீட்டுக்காணியைக் குறிக்கும். மூன்று இடத்திலும் வீட்டைச் சேர்ந்தவர் யார், அயலார் யார் என்பதற்குக் கோடு போடும் வேலையைத்தான் செய்கிறது.

இப்படிப் படிப்படியான வீட்டில் விளிப்பும் படிப்படியாக இருக்கிறது. நீ என்பதற்கும் நீங்கள் என்பதற்கும் நடுவே நெல்லையில் 'நீர்' இன்னும் உயிரோடு உண்டு. 'என்னவே சொல்லுதீரு', 'வாரும்' என்று சமவயதுக்காரர்கள் பேசிக்கொள்வதில் நெருக்கமும் இருக்கிறது, தோளில் கை போடாத இடைவெளியும் இருக்கிறது. கடல் தாண்டிய யாழ்ப்பாணத்தில் இதே 'நீர்' வழங்குகிறது. லுங்கியைச் சாரம் என்பதிலும் இரு கரைகளும் ஒன்றே. தமிழ்நாட்டின் பெரும்பகுதி தொலைத்துவிட்ட அந்த நடுப்படி ஒரு பெரிய வசதி. அது இல்லாத ஊர்களில் புதிதாகப் பழகும் இருவர் 'நீங்க'விலிருந்து 'நீ'க்கு எப்போது தாவுவது என்று தெரியாமல் தடுமாறுவதை நாம் அறிவோம். அதற்குக் கீழே பையன்களுக்கு 'ஏலே', பெண்பிள்ளைகளுக்கு 'ஏட்டி'. 'மூதி', 'சவம்' என்று திட்டுவதுபோல் கேட்பவை பெரும்பாலும் வாஞ்சை. ஆச்சி ஒருத்தி பேரனை 'சவத்து மூதி, சாப்ட்டியாலே' என்று கேட்டால் அதில் கடைசிச் சொல்லைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். இங்கிருந்து பிழைப்புக்குப் போன மளிகைக் கடைக்காரர்களோடு 'அண்ணாச்சி'யும் போனது. சென்னையில் அது ஒரு வகைக் கடையின் பெயராகவே ஆகிவிட்டது. சொல் அங்கே செழித்தது, ஆனால் உறவு கழன்றுவிட்டது: சென்னையில் அண்ணாச்சி என்றால் கடைக்காரர், பாளையங்கோட்டையில் அண்ணாச்சி என்றால் வீட்டு விசேஷத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய மூத்தவர்.

ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் நாஞ்சில் நாடு. திருவிதாங்கூரோடு இருந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணைந்தன. பேச்சு அந்தத் தேதியைப் பொருட்படுத்தவில்லை. தோவாளையில் நெல்லையின் சாயல். நாகர்கோவிலில் எல்லோரும் 'மக்கா', 'மக்களே'. மேற்கே விளவங்கோட்டை நெருங்க நெருங்கத் தண்ணீர் வெள்ளமாகிறது, சொல்வது பறைவதாகிறது. களியக்காவிளையில் மாநில எல்லை இருக்கிறது. ஆனால் சந்தையில் மீன் விற்பவர், எதிரே நிற்பவரின் முதல் வார்த்தையைக் கேட்டுவிட்டு எந்தப் பக்கத்துச் சாயலில் பதில் சொல்வது என்று தீர்மானிக்கிறார். இதைத் தமிழ் கெட்டுப்போன இடம் என்று கருதுபவர்கள் உண்டு. ஆனால் தொல்காப்பியர் வட்டாரங்களிலிருந்து வரும் திசைச்சொல்லைச் செய்யுளுக்கு உரிய நால்வகைச் சொற்களில் ஒன்றாகச் சேர்த்தார். உரை எழுதிய சேனாவரையர் அதற்கு எடுத்துக்காட்டாகக் குட்டநாட்டார் தாயைத் தள்ளை என்பதைக் காட்டினார். அந்தத் தள்ளை இன்றும் விளவங்கோட்டில் வழங்குகிறது. மகன் தன் தாயைப் பற்றிச் சொல்லும்போது அது உரிமை. அடுத்த வீட்டுக்காரர் அதே சொல்லை அதே பெண்ணைப் பற்றிச் சொன்னால் வேலிக்கு இருபுறமும் ஆட்கள் கூடிவிடுவார்கள்.